பவுலினின் ரத்தம்

ஆய்வகத்தில் ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரமும் ஒரு பழைய நுண்ணோக்கியும் ஒரே மேசையில் இருந்தன. ரத்தப் புற்றுநோயோ என்று சந்தேகம் வந்தால், இயந்திரம் சிவப்பு விளக்கைப் போடும்.

"எதுக்கெடுத்தாலும் அலறுவே. கடைசியில நான்தான் பார்த்துச் சொல்லணும்" என்று நுண்ணோக்கி கேலி செய்யும்.

அன்று இயந்திரத்தைப் பழுது பார்த்திருந்தார்கள். சரியாக எண்ணுகிறதா என்று பார்க்க, அங்கே வேலை பார்க்கும் பவுலின் தன் ரத்தத்தையே எடுத்து வைத்தாள்.

இயந்திரம் எண்ணத் தொடங்கியது. வெள்ளை அணுக்கள் வந்துகொண்டே இருந்தன. சிவப்பு விளக்கு எரிந்தது.

"சரி பண்ணியும் கோளாறு போகலையே!" என்று சலித்துக்கொண்ட பவுலின், அதைக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டினாள். மறுபடியும் சிவப்பு.

அவள் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தாள்.

"அண்ணே, நான் தப்பா எண்ணிட்டேன்னு சொல்லுங்கண்ணே" என்று இயந்திரம் கெஞ்சியது.

நுண்ணோக்கி ஒவ்வொரு அணுவாகப் பார்த்தது. "வெள்ளை அணு எல்லாமே முத்தாத அணுக்களா இருக்கு. நீ சரியாத்தான் எண்ணியிருக்கே, தம்பி."

பவுலினும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக எழுந்து டாக்டருக்கு போன் போட்டாள்.

"சார், ஒரு ஸ்லைடு பார்க்கணும். உடனே வாங்க."

"யாரோட ரத்தம்மா?"



"என்னோடதுதான் சார்."