வலது சக்கரம்

காலையில் எழுந்து பால் காய்ச்சினேன். காபி குடித்து, ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு மேசையில் இருந்த மாதிரி நீராவி டிராக்டரின் முன் உட்கார்ந்தேன்.

நேர்ப்பல் சக்கரங்களை வைத்து அதற்கு நானே ஒரு டிஃபரென்ஷியல் செய்திருந்தேன். அதைச் சுழற்றினால் பின்சக்கரங்கள் இரண்டும் சுற்ற வேண்டும். ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் மற்றது இரு மடங்கு வேகத்தில் ஓடும். நான் சுழற்றினால் இடது சக்கரம் அப்படித்தான் ஓடுகிறது. வலது அசைவதில்லை.

என் மனைவியின் தம்பி வந்து எல்லாவற்றையும் கழற்றி மாட்டினான். அவன் சுழற்றியபோது இரண்டும் சுற்றின.

"வண்டி நல்லாத்தான் இருக்கு மச்சான். உங்களைத்தான் சர்வீஸுக்கு விடணும்."

அவன் போனதும் சுழற்றினேன். வலது நின்றது.

சோதனையின்போது அதைப் பிடித்துக்கொள்வது என் மனைவியின் வேலை. பிடித்தபடியேதான் அன்று சரிந்தாள்; பிறகு எழவில்லை. அதற்குச் சற்று முன் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

"கை வலிக்குதுப்பா. விட்டுடட்டுமா?"