எடைக்கல்

துப்பாக்கி சுடும் போட்டிக்கு முன், பிலிப்பைன்ஸின் டனாவோ நகர மைதானத்தில் என் கணவர் ரொமுலோவின் ஆள்காட்டி விரலில் தைலம் தடவிவிட்டேன். துப்பாக்கி விசையை இழுத்து இழுத்து வந்த வலி அது.

சோதனை மேசையில் நடுவர் ஆர்வின் விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டான். அதைத் தாங்கினால்தான், உள்ளே எதையும் மாற்றாத துப்பாக்கிகளின் பிரிவில் சேர்ப்பார்கள். விசை சட்டென்று இறங்கியது.

“ஸ்பிரிங் மாத்தியிருக்கீங்கண்ணே. இது மாத்தின துப்பாக்கிங்களோட ஓபன் பிரிவுலதான் வரும்.”

“உன் கல்லு சோறு தின்னு கொழுத்திருக்கும்டா.”

“துப்பாக்கி செய்யறவர் மகளைக் கட்டிட்டு, மாத்தலைன்னா நம்பணுமா?”

“தெல்மா, நீயே சொல்லு. இதை யாராவது தொட்டாங்களா?”

சுற்றிலும் சிரித்தார்கள். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

“கல்லுதான் கோளாறு. எந்தப் பிரிவுல வேணா எழுதிக்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் சுற்றிலேயே, உறையிலிருந்து உருவும்போது துப்பாக்கி வெடித்தது. அவர் விரல் பழகியது கெட்டியான விசைக்கு. தொடையில் பாய்ந்த குண்டு, மருத்துவமனை போகும் வழியிலேயே அவரைக் கொண்டுபோனது.

ஆர்வினின் கல்லைப் பிறகு நிறுத்துப் பார்த்தார்கள். சரியாகவே இருந்தது.

அவர் விரல் வலிக்கக் கூடாதென்று முந்தின நாள் அவருக்குத் தெரியாமல் நான் கழற்றிய பழைய ஸ்பிரிங், இன்னும் என் தையல் பெட்டியில் இருக்கிறது.