சுக்கின் வலது காது

கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வெளியே நின்று தன் வீட்டுச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

மறைக்காமல் முடியாது. கூடையைக் கண்டால் சுக்குப் பூனை பீரோவுக்கு அடியில் புகுந்துவிடும். அப்புறம் கும்பிட்டுக் கூப்பிட்டாலும் வராது.

பகல் இரண்டு மணி. வேலை பார்க்கும் மருந்துக்கடையில் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வந்திருந்தாள். கேட்டைக்கூடச் சத்தமில்லாமல்தான் திறந்தாள். பூனையை வாங்கிக்கொள்வதாகச் சொன்ன அரிசி ஆலைக்காரர் மூன்று மணிக்கு மேல் இருக்க மாட்டார்.

எல்லாம் அந்தக் காதால் வந்தது.

நாலு மாதம் முன்பு சாக்கடையிலிருந்து தூக்கி வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தது. அதனால்தான் சுக்கு என்று பேர். நன்றாகத் தேறி, மினுமினுவென்று ஆன பிறகு, வலது காதில் மட்டும் முடி கொட்ட ஆரம்பித்தது. இடது காதில் ஒரு முடி குறையவில்லை. வலது காது சுத்த வழுக்கை.

கடையில் இருந்த களிம்பையெல்லாம் தடவியாயிற்று. கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா விளக்குப் பிடித்துப் பார்த்தார். படர்தாமரை இல்லை. சொறி இல்லை. உண்ணி இல்லை.

"எதனாலன்னு பிடிபடலையேம்மா" என்றார்.

பிடிபடாத ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ள அவளுக்குப் பயம். கட்டிலில் அவள் கணவர் பூமிநாதன் கிடக்கிறார். பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம். வலது கை போயிற்று. பேச்சு பாதி போயிற்று. அவருக்கும் அது ஒட்டிக்கொண்டால்?

பூனையைக் கொடுத்துவிடப் போவதைக் காலையில் அவரிடம் சொன்னாள். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதியச் சோறு ஊட்டிவிட்டு நாத்தனார் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. சுக்கு கட்டிலில், அவருடைய வலது கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

அந்தக் கை அசைந்தது.

ஐயோ, கண்தான் ஏமாற்றுகிறதா?

இல்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பூனையின் வலது காதைப் பிடித்திருந்தன. கட்டை விரல் மெல்ல மேலே ஏறியது. வழுக்கியது. அவர் மூச்சு வாங்கினார். மறுபடி ஏறியது.

இருபத்தாறு வருடம் துணிக்கடையில் நின்ற மனுஷன். எந்தத் துணியானாலும் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பேர் சொல்வார். இப்போதும் அதே தேய்ப்புதான்.

நெற்றியெல்லாம் வேர்வை. உதட்டைக் கடித்திருந்தார்.

எத்தனை நாளாக நடக்கிறது இது? ஒரு காது வழுக்கையாகிற அளவுக்கு என்றால்?

ராத்திரி அவர் கையைத் துடைக்கும்போது களிம்பு வாசம் அடிக்கும். தன் கையிலிருந்துதான் ஒட்டியது என்று நினைத்துக்கொள்வாள். மக்கு, மக்கு!

அந்தப் பூனையைச் சொல்ல வேண்டும். தீப்பெட்டி கீழே விழுந்தால் அலறிக்கொண்டு ஓடுகிற ஜாதி அது. வாலைத் தொட்டால் பிறாண்டிவிடும். அது இருந்த இடத்தில் இருந்தது. விரல் நழுவிப் படுக்கையில் விழுந்தபோதும் எழுந்து போகவில்லை. தலையைத் தாழ்த்தி, அதே காதைக் கொண்டுபோய் அந்த விரல்களுக்கு நடுவில் கொடுத்தது.

பயிற்சி கொடுக்க வந்தவரே மூன்றாம் மாதம் கையை விரித்துவிட்டார். இது விரிக்கவில்லை. அடி என் ராசாத்தி!

அவள் கத்தப் போனாள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியிருப்பாள்.

போன ஆடியில் அப்படித்தான் கத்தினாள். அவர் சுண்டுவிரல் ஒரே ஒரு தரம் துடித்தது. கோயிலுக்கு ஓடித் தேங்காய் உடைத்தாள். சொந்தக்காரர் ஒருத்தரை விடாமல் போன் போட்டாள். கட்டிலைச் சுற்றிக் கூட்டம். "எங்கே, இன்னொரு தரம் அசைங்க பார்ப்போம்."

விரல் அசையவில்லை. அன்றும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை.

எல்லாரும் போன பிறகு அவர் தன் விரலைப் பார்க்கவில்லை. வாடிப்போன அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த முகத்தை இன்னொரு தரம் பார்க்க முடியாமல்தான் அவருக்கு இந்தக் கள்ளத்தனம்.

வந்த சத்தத்தை விழுங்கினாள்.

பின்னோக்கியே நடந்து தெருவுக்குப் போனாள். கூடையைப் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டாள். கேட்டைப் படாரென்று திறந்தாள். இருமினாள். ஆளில்லாத தெருவைப் பார்த்து, "வெயிலா இது, நெருப்பு!" என்று உரக்கத் திட்டினாள். ஒரு ஜோடி செருப்பைக் கழற்ற இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டாள்.

உள்ளே போனபோது வலது கை வழக்கம்போல விரிப்பின் மேல் கிடந்தது. சுக்கு முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாதாம்.

"பூனை எங்கயும் போகலீங்க" என்றாள். "ஆலைக்காரர் வேண்டாம்னுட்டாரு."

அடுப்படிக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். அந்தச் சத்தத்துக்குள் நின்று ஆசைதீர அழுதாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"கா...து?"

கூடத்திலிருந்து அவர் குரல் குழறலாக வந்தது.

குழாயை மூடினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காது கெடக்கு, விடுங்க. அதான் இன்னொண்ணு இருக்கே."