தையல் எண் பதினேழு

பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு நர்ஸ் பேனாவைத் திறந்தாள்.

அப்பாவின் இதயத்தில் வைக்கப்போகும் வால்வு.

உள்ளே கொண்டுபோகும் முன் சொந்தக்காரர்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவது இந்த ஆஸ்பத்திரி வழக்கம். பெரும்பாலானவர்கள் படிக்காமலே போட்டுவிடுவார்கள்.

அவளுக்கு அந்தச் சீட்டைப் படிக்கத் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று.

அளவு இருபத்து மூன்று. சரி.

காலாவதி தேதி. சரி.

வரிசை எண்ணின் கடைசியில், தைத்தவரின் எண். பதினேழு.

பதினேழு அவள்தான்.

பதினோரு வருடமாக மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே, கம்பிக்கூட்டில் மாட்டுச் சவ்வை வைத்துத் தைக்கிறாள். தொடை வழியாகக் குழாயில் ஏற்றி, நெஞ்சைத் திறக்காமலே இதயத்துக்குள் விரிக்கிற வால்வு. யாருக்குப் போகிறது என்று தைப்பவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று இன்றுதான் புரிந்தது.

தயாரித்த தேதி, ஜூன் ஒன்பது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் தம்பி போன் செய்தான். அப்பா பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்துவிட்டார். சூப்பர்வைசர் போகச் சொன்னாள். இவள் போகவில்லை. பாதியில் விட்டால் சவ்வு காய்ந்துவிடும், நான்கு நாள் வேலை குப்பைக்குப் போகும். நடுங்குகிற கையோடு உட்கார்ந்து முடித்தாள். கடைசி முடிச்சைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கிவிட்டதாகத் தோன்றியது.

பரிசோதனையில் இரண்டு பேர் பார்த்தார்கள். தேறிவிட்டது.

எனக்கு ஒன்றுமில்லை என்று அப்பா சிகிச்சையை ஆறு மாதம் தள்ளிப்போட்டார். அந்த ஆறு மாதமும் அன்று தைத்த வால்வைப் பற்றி இவள் நினைக்கவே இல்லை.

"வேற பீஸ் இருக்கா சிஸ்டர்?"

"இந்த அளவுல பெங்களூர்லேருந்துதான் வரணும்க்கா. ரெண்டு நாளாகும். அப்பா தாங்க மாட்டார். ஏன், இதுல ஏதாவது தப்பா இருக்கா?"

தப்பு என்று சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது? ஒரு நடுக்கம். அதை எந்த மைக்ரோஸ்கோப்பிலும் காட்ட முடியாது. தன் கையையே இவ்வளவு வெறுப்போம் என்று அவள் நினைத்ததில்லை.

கையெழுத்துப் போட்டாள்.

நர்ஸ் பெட்டியை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

"அப்பாவுக்குப் பயமே இல்லக்கா. எல்லாம் எம் பொண்ணு தைக்கிறதுதான்னு உள்ள ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டிருக்கார். நெசமாவே இது நீங்க தைச்சதாக்கா?"

"இல்ல சிஸ்டர்," என்றாள். "இது என்னைவிட நல்லா தைக்கிறவங்க தைச்சது."