பெரியப்பாவின் அறைக் கதவு

"ஒன்பதாவதையே பாதியில விட்டுட்டு வந்தவ, இந்தக் கதவையா சரி பண்ணப் போற?" என்று பெரியப்பா ஒருநாள் கேட்டார். எதிலாவது குறை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் இறந்து ஒரு வருடமாகியும் அவருடைய அறைக் கதவு தரையில் உரசிக்கொண்டுதான் இருந்தது.

இன்று அதைக் கழற்றினேன். மேல்கீலின் திருகாணிகள் பிடிப்பில்லாமல் ஓட்டைக்குள் சும்மா சுற்றின.

"கால்ல போட்டுக்காதடி. கார்பெண்டரக் கூப்பிட்டா என்ன?" என்றாள் அம்மா.

"நீ கதவப் பிடிச்சுக்கம்மா, போதும்."

தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்து ஓட்டைகளில் திணித்தேன். காய்ந்ததும் திருகாணிகளை இறுக முறுக்கினேன். ஒற்றை விரலால் தள்ளியதும் கதவு சத்தமில்லாமல் போய் மூடிக்கொண்டது.

"அடி சக்கை!" என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குப் போனாள்.

தீக்குச்சித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது கதவு உள்ளிருந்து திறந்தது. பெரியப்பா வெளியே வந்தார். கதவை ஒருமுறை மூடித் திறந்தார். மேல்கீலைக் கட்டைவிரலால் தடவினார். குனிந்து, தரைக்கும் கதவுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார். நான் துடைப்பத்தோடு நிமிர்ந்து நின்றேன்.

ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வெகுநேரம் யோசித்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் வாசல் வழியாக வெளியே போனார்.