நெஞ்சு வலி

“முகூர்த்தத்துக்கு நேரமாச்சுங்க” என்றபடி கோகிலா காரில் ஏறினாள். பிரேக்கில் குறை இருப்பதாகக் கம்பெனி திரும்ப அழைத்திருந்த பேசும் கார் அது. சரிசெய்யும்வரை கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் கிளம்பும்.

சிவசாமி மார்பைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, நெஞ்சு வலிக்குதே!” என்றார். கார் கிளம்பியது.

“நல்லா நடிக்கிறீங்க, போங்க!” என்று கோகிலா சிரித்தாள்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. அவர் மட்டும் பிழைத்தார்.

அவருக்கு நெஞ்சு வலி வந்ததாகக் கார் சொன்னதை நம்பிய கோகிலாவின் தம்பி, “அந்த வலியோடயும் எப்படித்தான் ஓட்டுனீங்களோ, மச்சான்” என்று கையைப் பிடித்து அழுதான். சிவசாமி தலை நிமிரவில்லை.

அந்த வலி எல்லாக் கார்களின் பதிவிலும் ஏறிவிட்டது. இன்றும் எந்தக் காரில் ஏறினாலும் அது பரிவோடு கேட்கிறது: “நெஞ்சு வலி எப்படி இருக்கிறது, ஐயா?”

“பரவாயில்லைங்க” என்கிறார்.