இன்னொரு படி

“கையை நீட்டுங்க ஐயா.”

எங்கேயோ நாலு ஊர் தள்ளியிருந்த தன் வீட்டில் தச்சர் கையை நீட்டினார். டாக்டரம்மாவின் கணினித் திரையில் வெறும் வெள்ளைச் சுவர், அதற்கு முன்னால் வெடவெடவென்று நடுங்கும் கை. பார்க்கின்சன் நோய்க்காகத் தச்சரின் மூளையில் பதித்திருந்த கம்பிக்கு, இங்கிருந்தபடியே மின்சாரத்தை ஒரு படி கூட்டினார் டாக்டரம்மா.

“இப்போ?”

“நல்லா இருக்கு டாக்டர்.”

“நம்பாதீங்க!” போனைப் பிடித்திருந்த தச்சரின் மனைவி குறுக்கே பாய்ந்தாள். “நூத்திமூணு காய்ச்சல் அடிச்சாலும் இவர் நல்லா இருக்குன்னுதான் சொல்வார். எப்படி நடுங்குது பாருங்க!”

நடுங்கத்தான் செய்தது. டாக்டரம்மா இன்னொரு படி கூட்டினார்.

“நல்... லாத்... தான்...” தச்சருக்கு நாக்கு குழறியது.

டாக்டரம்மா விசையிலிருந்து விரலை எடுத்தார். இதற்கு மேல் கூட்டினால் பேச்சே போய்விடும். குறைக்கலாமென்றால் நடுக்கம் நின்றபாடில்லை.

திடீரென்று தச்சர் போனைப் பிடுங்கிக்கொண்டார். படம் ஆணி அடித்த மாதிரி நின்றது. அவர் போனைத் திருப்பி மனைவியின் கைகளைக் காட்டினார். அவை இன்னும் வெடவெடத்துக்கொண்டிருந்தன.

டாக்டரம்மா அவசர அவசரமாக இரண்டு படியையும் இறக்கினார்.

“ஏம்மா, பக்கத்துலதானே இருந்தீங்க? அவர் கை நடுங்கலைன்னு தெரியலையா?”

“அதை நேர்ல பார்க்க தைரியமில்ல டாக்டர்,” என்று விசும்பினாள் மனைவி. “போனையேதான் பார்த்துட்டிருந்தேன்.”